கிரேட் டேன் அண்ணாச்சி

சேத்தூரில் தொடங்கி ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும் சாலையில், நாய் வளர்ப்பவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, தோளுயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் என்று, ராஜபாளையம் என்ற ஊர்ப்பெயரையே தாங்கிய ஓர் இனம். 2005 ஜனவரி 9 அன்று அது இந்தியத் தபால்தலையிலும் ஏறியது. ஆனால் ஊர் முழுக்கப் பங்கு வைத்துக்கொண்ட பெருமையில் தனி மனிதருக்கு என்ன மிஞ்சும்? இந்த நெருக்கடியில் பிறந்தவர்தான் கிரேட் டேன் அண்ணாச்சி. மலையடிவாரத்தில் மாந்தோப்பு, ஊருக்குள் கிரானைட் பதித்த வீடு, வாசலில் ஆளுயரக் கேட் எல்லாம் அமைந்த பிறகு, அடுத்து என்ன என்று கை அரிக்கும்போது வெளியூரிலிருந்து ஒரு குட்டி வந்து இறங்கும். என்ன இனம் என்று கேட்டால் அவர் உயரத்தைச் சொல்வார்: "எந்திரிச்சு நின்னுச்சுன்னா ஆறடிக்கு மேல." அமெரிக்காவின் மிச்சிகனில் 111.8 சென்டிமீட்டர் உயரத்தோடு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஜீயஸ் என்ற கிரேட் டேன் நாயின் பெருமை அவருக்கு மனப்பாடம். அந்த ஜீயஸ் ஆறு வயது நிறையுமுன்பே 2014-இல் செத்துப்போன செய்தி மட்டும் அவர் காதுவரை வந்திருக்காது.

அண்ணாச்சிமீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, வீண் ஆடம்பரம் என்பது. அதை நான் ஏற்கமாட்டேன். ஆடம்பரக்காரர் வாங்கி வைத்துவிட்டு மறந்துபோவார். இவரோ குட்டியின் பக்கத்திலேயே குடியிருப்பவர். இவருடைய கோளாறு வேறு: குட்டிக்கு வைப்பதாக நினைத்துக்கொண்டு தெருவுக்குச் சோறு வைக்கிறார். இரண்டு மாதக் குட்டி முன்வாசலில் நிற்கிறது. போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, எலும்பும் தோலுமா நிக்கு? சோறு கீறு வைக்கீகளா இல்லையா?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போய்விடுகிறார். வட்டிப் பாக்கி என்று சொல்லுங்கள், வாய்க்கா வழக்கில் தோற்றார் என்று சொல்லுங்கள், அண்ணாச்சி சிரித்துக்கொள்வார். வீட்டு வாசலில் ஓர் உயிர் வயிறு காய்கிறது என்ற சொல்லை மட்டும் தாங்கமாட்டார். அன்று மாலையே முட்டை இரண்டு நான்காகிறது, கோழிக்கால் வேகிறது, ஆட்டுக்கால் சூப் தனி அடுப்பில் கொதிக்கிறது, மருந்துக்கடையிலிருந்து கால்சியம் சிரப் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போன மச்சினர் குட்டிக்கென்று கால் கிலோ பால்கோவாவும் வாங்கி வருகிறார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், நாய்க்குட்டியின் வயிற்றில் எந்தக் குறியீட்டையும் மதிக்காமல் மறுநாள் காலை கிரானைட் தரைக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் வேதனை. எந்த நாய்க்கு அதிகச் சோறு ஆகாதோ, அந்த நாயாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். கிரேட் டேன் பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வளர்ந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். எலும்பு முற்றி வளர்ச்சி நிற்க ஒன்றரை முதல் இரண்டு வருஷம் ஆகும். அதற்குமுன் எடையை ஏற்றுவது, சென்ட்ரிங் பிரிக்காத தளத்தின்மேல் அடுத்த மாடி எழுப்புகிற வேலை. 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டே இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிக்கு வயிறு கேட்கிற அளவும், இன்னொரு பகுதிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கும் கொடுத்தார்கள். எலும்பிலும் மூட்டிலும் கோளாறு மிகுந்தது நிறையத் தின்றவற்றுக்குத்தான். பிறகு நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கால்சியத்தைக் கையில் எடுத்தார்கள். வளர்ந்த நாயின் குடல் தேவைக்குமேல் வருகிற கால்சியத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாது. பிஞ்சுக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு கோணுவது அதனால்தான். ஆகவே கால் லேசாக வளைகிறது என்று கண்டதும் சிரப்பை இரண்டு ஸ்பூனாக்குகிற அண்ணாச்சி, வளைத்த மருந்தையே இரட்டிப்பாக்குகிறார். தெருவோ "இன்னும் கொஞ்சம் சத்துக் குடுக்கணும் அண்ணாச்சி" என்று மூன்றாவது ஸ்பூனுக்கு வழி சொல்கிறது.

"அப்போ பிள்ளையப் பட்டினி போடச் சொல்லுதீகளா?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பட்டினி வேறு, அளவு வேறு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளைச் சாவுவரை கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. கூடப்பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. லாப்ரடார் வேறு, நம்ம ஆள் வேறு என்று அண்ணாச்சி மடக்கலாம். வேறுதான், லாப்ரடாருக்குப் பன்னிரண்டு வயது என்றால் கிரேட் டேனுக்கு ஏழிலிருந்து பத்து. கணக்கில் கொஞ்சமாக வைத்திருப்பவர்தானே செலவில் கவனமாக இருக்க வேண்டும்?

அடுத்த ஆட்சேபம் உள்ளூர்ப் பற்றாளர்களிடமிருந்து வரும். சீமை நாயை வாங்கினால் இப்படித்தான், நம்ம ஊர்க் குட்டியை வாங்கியிருந்தால் கம்பங்கஞ்சியில் வளர்ந்திருக்கும் என்பார்கள். அரசாங்கமும் ஓரளவு அவர்கள் பக்கம். 2024-இல் வந்த தமிழக அரசின் நாய் வளர்ப்புக் கொள்கை, செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிஃப் உள்ளிட்ட 11 இனங்களை நம் வெயிலுக்கு ஆகாதவை என்று பட்டியலிட்டது. (பட்டியலில் கிரேட் டேன் இல்லை என்பதை அண்ணாச்சி அரசாங்கமே கொடுத்த நற்சான்றாகச் சொல்லிக்கொள்கிறார்.) வெயிலைப் பற்றிய வாதம் சரி. ஆனால் தெருவுக்காக வளர்க்கும் வியாதி சீமை நாயோடு கப்பலில் வந்ததல்ல. ராஜபாளையம் குட்டிகளில் சிறு புள்ளிகூட இல்லாத வெள்ளைக்குத்தான் மவுசு. தலைமுறை தலைமுறையாக அந்த வெள்ளையையே தேர்ந்தெடுத்ததில், பிறவிச் செவிடும் இந்த இனத்தில் குடியேறிவிட்டது. நிறத்தைக் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் வேலை பார்க்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது அடைத்துப்போகும். கூப்பிட்டால் திரும்பாத அப்படியொரு நாயைக் காட்டி, "ராஜ வம்சம், கண்டவன் பேச்சக் கேக்காது" என்று பெருமை பேசுகிறவரும், கால் வளைந்த கிரேட் டேனைக் காட்டி "கம்பீரமா நடக்கு பாருங்க" என்கிறவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இன்னொன்று: ராஜபாளையம் ஓடுவதற்கென்று அமைந்த நாய். ஒட்டிய வயிறும் லேசாகத் தெரியும் விலாவும் அதன் இலட்சணம். அதையும் "எலும்பு தெரியுது" என்று சொல்லிச் சோறு ஏற்றிக் கன்றுக்குட்டியாக்கும் வீடுகள் இருக்கவே செய்கின்றன.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எனக்குத் தோன்றும் விடை, நாய்க்கு வேலை போய்விட்டது என்பதே. ஜமீன் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெரிய நாய்க்குக் காட்டுப்பன்றி இருந்தது, தோப்புக் காவல் இருந்தது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டையை நிறுத்தியது. 1988-இல் மேலே உள்ள காடு சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சேர்ந்தது. அணிலுக்கும் புலிக்கும் அரசாணை உண்டு; நாய்க்கு மிஞ்சிய உத்தியோகம், பார்க்கப்படுவது ஒன்றுதான். அதனால்தான் குட்டி தோப்பில் வளராமல் முன்வாசலில் வளர்கிறது. நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் முதலிய பெரிய இனக் குட்டிகளை வைத்து நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் படியேறிப் பழகிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாகவும், வெளியே மண்ணில் அவிழ்த்துவிடப்பட்டவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. அண்ணாச்சியிடம் ஏக்கர் கணக்கில் மண் இருக்கிறது. ஆனால் மாந்தோப்பில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள், தோப்புக்காரனைத் தவிர? எனவே குட்டி வழுக்கும் கிரானைட்டில் கால் பரப்பி எழுகிறது. சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏற்றப்பட்டு, கைப்பிடிச் சுவருக்குமேல் தலை தெரிகிற மாதிரி நிறுத்தப்படுகிறது.

அவர் காசு, அவர் பாசம், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. மூட்டுவலி அவருடையதல்ல என்பதைத் தவிர. வளர்க்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. பெரிய இனக் குட்டிக்கென்று வரும் தீனியை அளந்து மூன்று வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். அதோடு சிரப் வேண்டாம். தின்றவுடன் ஓடவிடக் கூடாது, நெஞ்சு ஆழமான இந்த இனத்தில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒன்றரை வயதுவரை மாடிப்படி கூடாது. கால்நடை மருத்துவர் இவ்வளவையும் சொல்லும்போது அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். அறிவில் அவருக்குக் குறை கிடையாது. எல்லாம் கேட்டு முடித்து எழுந்த பிறகு, கதவருகே நின்று குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்: "அதெல்லாஞ் சரிங்க டாக்டர், தெருவுல கேட்டா என்ன சொல்ல?" எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்குக் கீழே இன்னொரு வரி எழுதி வைத்துவிடலாம்: 'வேளாவேளைக்குச் சோறு வைக்கிறோம், ஒல்லியாக இருப்பது டாக்டர் உத்தரவு.'