‘கெம்ப்ட்’னா என்ன சித்தப்பா?

என் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். தமிழில் திட்டினால் உறவு முறியும், ஆங்கிலத்தில் திட்டினால் பொது அறிவு வளரும் என்பது அவர் கட்சி. பரட்டைத் தலையோடு போய் நின்றால் ‘அன்கெம்ப்ட்’. பெரியவர்கள் பேச்சில் குறுக்கே புகுந்தால் ‘அன்கூத்’. மளிகைக் கடையில் சில்லறையை எண்ணாமல் வாங்கி வந்தால் ‘இனெப்ட்’. எங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இல்லாததைத்தான் சொல்வார்.

“அப்போ ‘கெம்ப்ட்’னா என்ன சித்தப்பா?”

“அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம போய்த் தலையை வாரு.”

எரிச்சலில் சொன்னாலும் சரியான விடை அதுதான். தலை வாருவதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த வினைச்சொல்லும், சீப்பைக் குறிக்கும் ‘கோம்’மும் ஒரே குடும்பம். வாரிய தலை ‘கெம்ப்ட்’, வாராதது ‘அன்கெம்ப்ட்’. வாரிய தலை ஏறக்குறைய வழக்கொழிந்துபோக, பரட்டைத் தலை மட்டும் நிலைத்துவிட்டது. ஒழுங்காக இருப்பவனைப் பற்றி ஊரில் யார் பேசுகிறார்கள்?

‘அன்கூத்’ இன்னும் பாவம். நம்மூர்க் கூத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் தெரிந்தது ‘கூத்’, தெரியாதது ‘அன்கூத்’, அவ்வளவுதான். ஊருக்கு முன்பின் தெரியாதவன், போகப்போக நாகரிகம் தெரியாதவன் ஆகிவிட்டான். வெளியூர்க்காரனுக்கு எந்த ஊரிலும் இதே கதிதான்.

‘டிஸ்கிரன்டில்ட்’ வேறு ரகம். ‘டிஸ்’ வந்தாலே எதிர்மறை என்று நினைப்போம். இங்கே அது எதிர்ப்பதில்லை, ஏற்றிவிடுகிறது. பன்றி உறுமினால் ‘கிரன்ட்’. ஓயாமல் உறுமிக்கொண்டே இருந்தால் ‘கிரன்டில்’. அதன் தலையில் ‘டிஸ்’ஸும் ஏறினால் உறுமலோ உறுமல், பென்ஷன் வராத மாதத்துச் சித்தப்பா. பி.ஜி. வுட்ஹவுஸ் 1938இல் வந்த ‘தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்’ நாவலில் ‘டிஸ்’ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘கிரன்டில்ட்’ என்றால் ஏதோ பரம சந்தோஷம் என்பதுபோல எழுதினார். உறுமலில் பாதியை எடுத்தால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாம் ‘அசிங்க’த்திலிருந்து ‘அ’வை எடுத்துச் சிங்கமாக்குகிற அதே வேலை.

இந்த விளையாட்டு உயிருக்கு உலை வைத்த இடமும் உண்டு. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் சட்டென்று தீப்பிடிப்பது. அதிலிருக்கும் ‘இன்’ இல்லை என்று சொல்லும் ‘இன்’ அல்ல. லத்தீனில் ‘உள்ளே’ என்று பொருள்படுவது. ஆனால் பெட்ரோல் டிரம்மின் பக்கத்தில் பீடியோடு நிற்பவன் லத்தீனா படித்திருப்பான்? 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்த வேண்டியதாயிற்று. இலக்கணத்தைத் தீயணைப்பு வண்டி வந்து திருத்தியது அநேகமாக இது ஒன்றுதான்.

முகத்தை மறைத்துக்கொண்டு திரியும் எதிர்மறைகள்தான் எனக்குப் பிடித்தவை. ‘நைஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘ஒன்றும் அறியாதவன்’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது அசட்டைத்தான் குறித்தது. என் கட்டுரையைப் படித்துவிட்டு ‘நைஸ்’ என்று மட்டும் சொல்லும் நண்பர்கள் எந்த நூற்றாண்டுப் பொருளில் சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

‘அம்பயர்’ அதைவிடக் கில்லாடி. பழைய பிரெஞ்சில் ‘நான்’ என்றால் அல்லாத, ‘பெர்’ என்றால் இணை. இரு தரப்பிலும் சேராமல் தனியாக நிற்கும் மூன்றாம் ஆள். ஆங்கிலேயர்கள் ‘எ நம்பயர்’ என்பதை ‘ஆன் அம்பயர்’ என்று காதில் வாங்கிக்கொள்ள, முன்னாலிருந்த ‘ந’ கழன்று போனது. எங்கள் தெருவில் சொல் மட்டுமா மாறியது? அம்பயர் என்றால் பேட்டிங் டீமில் அடுத்து இறங்கக் காத்திருக்கும் பையன். அவனிடம் எல்.பி.டபிள்யூ. கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் ‘நாட் அவுட்’ வந்துவிடும்.