சமநிலைச் செம்மல்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானபோது ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த முதல் லாபம் நேரம். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க, தென்னார்க்காடு காலத்தில் கடலூர் போக வேண்டும். 1993க்குப் பிறகு விழுப்புரம். இரண்டுமே ஒரு நாளை முழுசாக விழுங்கும். இப்போது திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவை நீட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். இப்படி மிச்சமான நேரமெல்லாம் எங்கே போயிற்று என்று தேடினால், அதில் கணிசமான பங்கு ஒரு குறிப்பிட்ட வகை மனிதரிடம் அட்டவணையாகக் குவிந்து கிடப்பது தெரியும். புது மாவட்டத்தோடு புது அலுவலகங்கள் வந்தன, சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது, அவற்றோடு சேர்ந்து இவரும் வந்தார். வேலை, குடும்பம், சொந்த முன்னேற்றம் மூன்றையும் தராசு முள் அசையாமல் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர். சமநிலைச் செம்மல் என்று நாம் பட்டம் கொடுத்தால் கூச்சப்பட மாட்டார்; அன்று மாலையே ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். காலை ஐந்தே கால் மணிக்குத் துருகம் சாலையில் கையை வீசி நடப்பவர்களில், காதில் கருவி மாட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய வெற்றி ரகசியத்துக்குத் தலையாட்டிக்கொண்டே போகிறவர் இவர்தான். மணிக்கட்டில் உள்ள கடிகாரம் எத்தனை அடி நடந்தார், எத்தனை மணி ஆழ்ந்து தூங்கினார் என்பதையெல்லாம் கணக்கெழுதும். வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அதில் நீலம் அலுவலகத்துக்கு, பச்சை குடும்பத்துக்கு, சிவப்பு 'எனக்கு'. மாதக் கடைசியில் நீலப் பேனா காய்ந்திருக்கும், சிவப்பு இழுபறியில் இருக்கும், பச்சை மட்டும் வாங்கிவந்த அன்றிருந்த மெருகோடு இருக்கும். ஆனாலும் குடும்பத்தை அவர் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. இரவு 7.30 முதல் 8.15 வரை 'குடும்ப நேரம்' என்று அலாரமே அடிக்கும். அடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இந்த வாரத்து இலக்குகள் என்ன என்று கேட்பார். பிள்ளையும் ஏழெட்டு இலக்குகளைத் தயாராக வைத்திருப்பான். எட்டேகாலுக்கு விடுதலை உண்டு என்பது அவனுக்குத் தெரியும். நடுவில் சமையலறையிலிருந்து, "ஏங்க, சிலிண்டர் தீந்துபோச்சு" என்று குரல் வந்தால், "அது இன்னிக்கு பிளான்லயே இல்லையேம்மா" என்பார். கோபமாக அல்ல, நிஜமான வருத்தத்தோடு.

இவர்மேல் நமக்கு ஒரே ஒரு வழக்குதான் உண்டு. நேரத்தை மிச்சம் பிடிப்பதாக இவர் நினைக்கிறார். நேரம் அப்படியெல்லாம் மிச்சமாகாது, கைமாறும். பலகையில் 'டிபன் 8.00' என்று இருக்கிறது. சூரியன் போல டிபனும் அதுபாட்டுக்கு எட்டு மணிக்கு உதிக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். முந்தின இரவு அரிசி உளுந்து ஊறப்போட்டது, மாவு ஆட்டியது, பொங்கி வழியாமல் பாத்திரம் மாற்றியது, சட்னிக்குத் தேங்காய் துருவியது எதற்கும் அங்கே வரி கிடையாது. ஐந்து மணிக்கு அவர் மெல்லும் ஐந்து பாதாம் பருப்பைக்கூட யாரோ இரவில் ஊறவைத்து, காலையில் தோல் உரித்து, சின்னக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஐந்து மணி எழுச்சியாளரை விடச் சீக்கிரம் எழுந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். அவர் புத்தகம் படித்து எழவில்லை, ஸ்டேட்டஸும் போடவில்லை.

இது வாய்ச்சண்டைக்காகச் சொல்வதல்ல. அரசாங்கமே கணக்கெடுத்து வைத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுக்கச் சுமார் 1,39,000 குடும்பங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தின நாள் அதிகாலை நான்கு மணி தொடங்கி மறுநாள் நான்கு மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரே அரை மணியில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை நடந்திருந்தால் அதையும் குறித்துக்கொண்டார்கள். கவனியுங்கள், நாளை நான்கு மணிக்குத் தொடங்கியிருக்கிறார்கள். யாருடைய நாள் எப்போது விடிகிறது என்று அந்தப் படிவத்தை வகுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்த விடை இது: 2024இல், கூலியில்லாத வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன பெண்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடம், செய்ததாகச் சொன்ன ஆண்கள் 88 நிமிடம். அந்த 88ஐப் பார்த்து ஆண்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். வீட்டு வேலையில் கையே வைக்காதவர்களை ஒதுக்கிவிட்டு எடுத்த சராசரி அது. ஒதுக்கப்பட்டவர்கள்தான் பெரும்பான்மை.

செம்மலின் ஆயுதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தக்காளிக் கடிகாரம். இருபத்தைந்து நிமிடம் தலை நிமிராமல் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபத்தைந்து. இந்த 'பொமோடோரோ' முறையை 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியது சமையலறையில் வேகும் நேரத்தை அளக்க வைத்திருக்கும், தக்காளி வடிவத்துக் கடிகாரம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஆண்கள் சமையலறையிலிருந்து கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய வரலாறு. இன்னொன்றும் உண்டு. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரம் 90 மணி நேர உழைப்பைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் பேசியது வெளியே வந்தபோது, நம் செம்மல் கொதித்துப் போனார். ஞாயிறு குடும்பத்துக்கு உரியது என்று நீண்ட பதிவு போட்டார். பதிவு நியாயமானதுதான். ஆனால் அவர் அதைத் தட்டச்சு செய்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு மசாலா அரைபட்டுக்கொண்டிருந்தது. வாரத்தில் அடுப்படிக்கு வேலை கூடுகிற நாள் எது என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

இங்கே செம்மல் ஒரு மறுப்பைச் சொல்வார், கேட்க நியாயமாகவே இருக்கும். "நான் வேணாம்னா சொன்னேன்? அவளும் ஒரு அட்டவணை போட்டுக்கட்டும்." தனியார் பள்ளியில் டீச்சராகவோ ஜெராக்ஸ் கடையிலோ மனைவியும் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இந்த ஆலோசனை இன்னும் உரக்க வரும். இதற்கு நம் மாவட்டத்துக் கரும்பே பதில் சொல்லும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. பதிவு செய்த கரும்பை விவசாயி தனக்குத் தோன்றிய தேதியில் வெட்டிக் கொண்டுபோக முடியாது. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். அதுவரை கரும்பு வயலில் காய்ந்தாலும் எடை குறைந்தாலும் காத்திருக்க வேண்டும். ஆலையின் அட்டவணை ஒழுங்காக ஓடுகிறது என்றால், அதன் ஒழுங்கின்மையை எல்லாம் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தங்கள் வயலில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று பொருள். வீட்டிலும் அதே கணக்குதான். தள்ளிப்போட முடிந்த வேலை உள்ளவருக்குத்தான் அட்டவணை வாய்க்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, அரை மணி நேரம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீர், வாசலில் ஹாரன் அடிக்கும் ஸ்கூல் வேன் ஆகிய எதையும் 'நாளைக்கு' என்று நகர்த்த முடியாது. அவற்றை அந்தந்த நிமிடத்தில் ஏற்றுக்கொள்ள ஒருவர் அட்டவணை இல்லாமல் இருந்தால்தான் இன்னொருவர் அட்டவணையோடு இருக்கலாம். இருவரும் ஒரே வீட்டில் தக்காளிக் கடிகாரம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தால் தெரியும்: பால் பொங்கிப்போகும்.

அடுத்த மறுப்பு மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் போன நேரம் இப்போது மிச்சமில்லையா என்பார்கள். மிச்சம்தான், மறுப்பதற்கில்லை. புகையில் கண் எரிய ஊதுகுழலோடு உட்கார்ந்த காலத்தைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் ஆசை கிடையாது. ஆனால் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ஒரு நூலில் தம் நாட்டைப் பற்றி ஒன்று சொன்னார்: வீட்டு இயந்திரங்கள் முதலில் ஒழித்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை. நம் ஊருக்கும் அது பொருந்துகிறது. விறகு பிளந்தது ஆண். சிலிண்டர் வந்தது, கோடாலியைக் கீழே போட்டான். கிணற்றில் இறைத்ததில் அவனுக்கும் பங்கு இருந்தது, மோட்டார் வந்தது. நெல்லை மூட்டை கட்டி மில்லுக்குக் கொண்டுபோனது அவன். அரிசி சிப்பமாகக் கடைக்கே வந்துவிட்டது. சமைப்பது, துவைத்து மடிப்பது, பிள்ளையைக் கிளப்புவது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தக் கோடாலி விட்டுப்போன நேரம்தான் இன்று துருகம் சாலையில் காதில் கருவியோடு நடக்கிறது.

செம்மல் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்து கல்வராயன் மலைக்கு வேலைக்குப் போகிறவரானால் அவரிடம் இன்னொரு உதாரணமும் கிடைக்கும். வெள்ளிமலை பக்கம் சிக்னல் இல்லாமல் அவருடைய செயலி விழி பிதுங்கி நிற்கும்போது, சாமைக்காட்டில் குனிந்து நிற்கும் பெண்களைக் காட்டி, "பாருங்க, அட்டவணையே இல்லாம எவ்ளோ சுறுசுறுப்பு" என்று வியப்பார். அந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் வீட்டு ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போயிருப்பதுதான். காடு, ஆடு, தண்ணீர், பிள்ளை எல்லாம் ஒரே தலையில். இந்த மலை ஒரு காலத்தில் மூன்று ஜாகீர்களாக இருந்தது. மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தார்கள். 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே 1976தான். கூலியில்லாத உழைப்பு தப்பு என்று மலையுச்சி வரை ஏறிப்போய்ச் சொன்ன நாடு, கீழே சமவெளியில் அடுப்படிக் கதவை மட்டும் தட்டவில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் வந்தபோதுதான் கதவு கொஞ்சம் திறந்தது. "அதான் கவர்மென்டே குடுக்குதே" என்று செம்மல் அதையும் தன் வாதமாக்கிக்கொண்டார். நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு ஏழு ரூபாய் விழுகிறது. அதைக் கூலி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள்.

கடைசி மறுப்பு கனமானது. சிரித்துக்கொண்டு தாண்ட முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஊர் இது. ஆறு மணிக்கு நேரே வீட்டுக்கு வந்து, சம்பளத்தை ஒப்படைத்து, பிள்ளையோடு முக்கால் மணி நேரம் உட்காருகிறவரைப் போய்க் கிண்டல் செய்யலாமா என்று இங்கே ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. செம்மல் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடிக்காததையே ஒரு கணவனுக்கு முழு மதிப்பெண்ணாகப் போட்டுவிட்டால், மிச்சக் கேள்விகளுக்குப் பதில் எழுத அவர் எதற்குப் பேனாவை எடுக்கப் போகிறார்? அவர் நல்லவராக இருப்பதால்தான் அவரிடம் கேட்கத் தோன்றுகிறது. சிவப்பிலும் நீலத்திலும் அத்தனை நுட்பமாகத் திட்டம் போடத் தெரிந்த மூளைக்கு, மாவு எப்போது தீரும், சிலிண்டர் எப்போது தீரும் என்று கணக்குப் போடத் தெரியாதா?

நிலவரம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு அதே கணக்கெடுப்பிலிருந்து இரண்டு எண்கள். வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் 2019இல் நூற்றுக்கு 26 பேர், 2024இல் 27 பேர். ஐந்து ஆண்டில் நூற்றுக்கு ஒருவர் கூடியிருக்கிறார். அவர்கள் செலவிட்ட நேரம் 97 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது.