கரை இறங்காத துரை

1903 டிசம்பர். பாரசீக வளைகுடா. புஷேர் துறைமுகத்துக்கு எட்ட, நங்கூரமிட்ட கப்பலில் உட்கார்ந்திருக்கிறார் இந்தியாவின் வைஸ்ராய் கர்சன் பிரபு. காவலுக்குப் போர்க்கப்பல்கள். கரையில் ஃபார்ஸ் மாகாணத்தின் கவர்னர் ஜெனரல் அலா உத் தவ்லா. நடுவில் சில மைல் தண்ணீர். அந்தத் தண்ணீரை இரண்டு பேரும் தாண்டவில்லை.

புயலா? இல்லை. காலராவா? இல்லை. முதலில் யார் யாரைப் போய்ப் பார்ப்பது? அதுதான் பிரச்சினை.

நம் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் சம்பந்தி சண்டை என்போம். வாசலில் வந்து அழைக்கவில்லை, தாம்பூலத் தட்டை இடது பக்கம் நீட்டினார்கள் என்று ஒரு மாமா மண்டபத்து மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். நாலு பெரியவர்கள் போய்த் தாடையைப் பிடித்தால் பந்திக்கு வந்துவிடுவார். கர்சன் வரவில்லை. தெஹ்ரானிலிருந்து பிரிட்டிஷ் தூதர் ஆர்தர் ஹார்டிஞ்சே வந்து பார்த்தார். வைஸ்ராய் ஏறி வந்த கப்பலின் பெயரும் ஹார்டிஞ்ச். இரண்டு ஹார்டிஞ்ச் சேர்ந்தும் ஒரு துரையைக் கரையில் இறக்க முடியவில்லை. புஷேர் மண்ணை மிதிக்காமலே கப்பல் திரும்பியது.

இதே கர்சன் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்காரராகப் பாரசீகம் முழுக்கச் சுற்றியவர். அப்போது எந்த கவர்னரும் எதிர்கொண்டு அழைக்கவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. குதிரை கிடைத்தால் போதும் என்றிருந்தார். அந்தப் பயணத்தை வைத்து இரண்டு தடித்த வால்யூம் எழுதினார். பாரசீகத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினார். எல்லாம் தெரிந்தவருக்கு இறங்கத்தான் தெரியவில்லை.

1903-ஆம் வருஷமே கோபித்துக்கொள்ளும் வருஷம்தான். பாரசீக ஷா முசாபர் உத் தீன் அதற்கு முந்தைய வருஷம் லண்டனுக்குப் போயிருந்தார். கார்ட்டர் என்ற விருதை எதிர்பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. இது கிறிஸ்தவப் பிரபுக்களின் பட்டை, முஸ்லிம் காலுக்கு ஆகாது என்றார் இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்ட். வைரம் பதித்த தன் படத்தைத் தருகிறேன் என்றார். ஷா முகம் திருப்பிக்கொண்டு ஊர் திரும்பினார். அப்புறம் பிரிட்டிஷ் மந்திரிகள் பதறி, ராஜாவைச் சம்மதிக்க வைத்து, 1903 தொடக்கத்தில் ஒரு தனித் தூதுக்குழுவின் கையில் பட்டையைக் கொடுத்து தெஹ்ரானுக்கு அனுப்பினார்கள். அதே சமயத்தில் வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஒரு கால்பட்டைக்கு ஒரு நாட்டின் சுங்கவரி அட்டவணை ஒத்துக்கொண்டது.

இவர்களுக்கு நடுவே புஷேரில் நிரந்தரமாகக் குடியிருந்தவர் பிரிட்டிஷ் ரெசிடென்ட். 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கடை விரித்தது. கடைக்காரர் மெல்ல ரெசிடென்ட் ஆனார். 1878-லிருந்து அவருக்கு இரண்டு தொப்பி. ஒரு தொப்பியில் இந்திய சர்க்காரின் அரசியல் ரெசிடென்ட். இன்னொரு தொப்பியில் லண்டன் வெளியுறவுத் துறையின் கான்சல் ஜெனரல். பாரசீக கவர்னர் ஏதாவது முறையிட்டால், அது எந்தத் தொப்பிக்கு என்று முதலில் விசாரிக்க வேண்டும். கல்கத்தாவைக் கேட்கிறேன் என்பார், லண்டனைக் கேட்கிறேன் என்பார். பதில் வருவதற்குள் கவர்னர் மாறியிருப்பார். அவரை வளைகுடாவின் முடிசூடா மன்னர் என்று வர்ணித்தவரும் நம் கர்சன்தான்.

கவர்னர் ஏன் அடிக்கடி மாறினார்? அது பாரசீகப் பக்கத்து அழகு. பதவி ஏலத்துக்கு. ஷாவுக்கு யார் கூடுதல் காணிக்கை வைக்கிறாரோ அவருக்கு மாகாணம். போட்ட முதலை ஒரு வருஷத்தில் எடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் வேறொருவர் கூடுதலாக வைத்துவிடுவார். சுங்கமும் அப்படியே குத்தகை. குத்தகைக்காரர் எவ்வளவு வசூலிக்கிறார் என்று தெஹ்ரானுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது விரும்பியதாகவும் தெரியவில்லை. வளைகுடாத் துறைமுகங்களின் கவர்னருக்கு தரியா பேகி என்று பட்டம். கடலுக்கே அதிபதி. அந்தக் கடலதிபதியிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்த கப்பல் ஒன்று. ‘பெர்செபோலிஸ்’ என்று பெயர், 1885-ல் ஜெர்மனியில் கட்டியது, அறுநூறு டன். ஒரு கப்பலுக்கு ஒரு அதிபதி. நம்மூரில் இதைவிட மோசமான கணக்கெல்லாம் பார்த்தவர்கள் நாம், சிரிக்க வேண்டாம்.

பிறகு சுங்கத்தைச் சீர்திருத்த பெல்ஜியத்திலிருந்து அதிகாரிகளைக் கூட்டி வந்தார்கள். ஜோசப் நாவுஸ் என்பவர் தலைவர். குத்தகைக்காரர்கள் காலத்தில் ‘ஊழல், ஊழல்’ என்று பத்தி பத்தியாக எழுதிய பிரிட்டிஷ் கான்சல்கள், பெல்ஜியர்கள் ரசீது போட்டு வரி வாங்கத் தொடங்கியதும் ‘ரஷ்யச் சார்பு, ரஷ்யச் சார்பு’ என்று எழுதத் தொடங்கினார்கள். திருடன் இருந்தால் திருடுகிறான். கணக்கன் வந்தால் கணக்குப் பார்க்கிறான். என்னதான் செய்வது?

வசூலான பணம் எங்கே போனது? 1900-ல் ஷா ரஷ்யாவிடம் இரண்டேகால் கோடி ரூபிள் கடன் வாங்கினார். ஃபார்ஸும் வளைகுடாத் துறைமுகங்களும் தவிர நாட்டின் சுங்க வருமானம் முழுக்க அடமானம். அதே வருஷம் ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்.

கௌரவச் சண்டை கர்சனோடு தொடங்கியதல்ல. அதற்கு வம்சாவளி உண்டு. 1839-ல் அட்மிரல் மெய்ட்லண்ட் புஷேருக்கு வந்தார். வாட்டர்லூவுக்குப் பிறகு நெப்போலியனே இவர் கப்பலில்தான் வந்து சரணடைந்தான். அப்பேர்ப்பட்டவருக்குப் புஷேரில் வந்த சோதனை, ரெசிடென்சிக்கு எதிரே உள்ள கரையில் படகேறுவதா, சுங்கத்துறையில் ஏறுவதா என்பது. கைகலப்பு ஆனது. ரெசிடென்ட் ஹென்னல் மூட்டை முடிச்சோடு கார்க் தீவுக்குப் போய்விட்டார். ரெசிடென்சி திரும்பி வர 1842 ஆயிற்று. படகு எங்கே நிற்பது என்பதற்கு மூன்று வருஷம்.

அடுத்தது இதைவிடக் கேவலம். தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதர் சார்லஸ் மர்ரே, மிர்சா ஹாஷிம் கான் என்பவரை ஷீராஸுக்கு ஏஜென்டாகப் போடப் பார்த்தார். ஹாஷிம் கானின் மனைவி அப்போதைய ஷாவின் மனைவிகளில் ஒருத்திக்குச் சகோதரி. அந்தப் பெண்ணைப் பாரசீக சர்க்கார் பிடித்து வைத்தது. பிரதம மந்திரி தூதரையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து அசிங்கமாகப் பேசினார். 1855 கடைசியில் தூதர் கொடியை இறக்கிவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். மறு வருஷம் பாரசீகப் படை ஆப்கன் நகரமான ஹெராத்தைப் பிடித்தது. அதைக் காரணம் காட்டி 1856 டிசம்பரில் பம்பாயிலிருந்து வந்த படை புஷேரைக் கைப்பற்றியது.

வென்ற படையின் கதையும் ஒன்று உண்டு. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. 1857 மார்ச்சில், சில நாள் இடைவெளியில், தரைப்படைத் தளபதி ஸ்டாக்கரும் கடற்படைத் தளபதி எதர்ஸியும் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். பாரிஸில் சமாதான ஒப்பந்தம் அந்த மாதம் 4-ஆம் தேதியே கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேரவில்லை.

இதற்கெல்லாம் பில் யாருக்கு? இங்கேதான் நாம் வருகிறோம். அழைக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள் நாம்.

புஷேர் ரெசிடென்டின் சம்பளம், காவல் சிப்பாய்கள், கொடிமரம், பீரங்கி மரியாதையில் புகையாய்ப் போன வெடிமருந்து என்று எல்லாவற்றிலும் இந்திய வருமானத்தின் பங்கு இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. உப்புக்கு வரி, நிலத்துக்குத் தீர்வை என்று தஞ்சாவூர்க்காரனும் திருநெல்வேலிக்காரனும் கட்டிய காசும் அந்த நெய்யில் உண்டு. புஷேர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தியச் செலவை விசாரிக்க வெல்பி கமிஷன் உட்கார்ந்தது. தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர் 1897-ல் கப்பலேறிப் போய் அதன் முன் சாட்சி சொன்னார். விசாரணை முடிந்து, பாரசீகத் தூதரக, கான்சல் செலவில் இங்கிலாந்துக்குப் பாதி, இந்தியாவுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அதற்குப் பெயர் நியாயம். கர்சன் டெல்லியில் தர்பார் நடத்தி முடித்த அதே 1903-ல், இந்தப் பாதி நியாயத்தின் மேல் மிதந்தபடிதான், அலா உத் தவ்லா முதலில் வரட்டும் என்று காத்திருந்தார்.

காரியம் என்று வந்தால் மட்டும் மரியாதை பறந்துவிடும். 1907-ல் இங்கிலாந்தும் ரஷ்யாவும் பாரசீகத்தை மூன்று வட்டாரமாகக் கூறு போட்டன. பாரசீகத்தைக் கேட்கவில்லை. அதற்கு முதல் சலாம் யார் போடுவது என்ற தகராறே எழவில்லை. 1909-ல் ரெசிடென்ட் பெர்சி காக்ஸ், எண்ணெய்க் கம்பெனிக்காக அபாதானில் நிலம் பேசினார். யாரிடம்? தெஹ்ரானிடம் அல்ல. ஷாவின் குடிமகனான முகம்மரா ஷேக் கஸ்அலிடம். வருஷ வாடகை 650 பவுன். உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று வரப்போகும் நிலம். கூடவே ஷேக்குக்கு இந்தியப் பேரரசின் சர் பட்டம், ‘உங்களை ஆதரிப்போம்’ என்ற வாக்குறுதி. தெஹ்ரானிலிருந்து ரேஸா கான் படையோடு வந்தபோது வாக்குறுதி வீட்டில் இல்லை. 1925-ல் ஷேக்கைப் பிடித்து தெஹ்ரானுக்குக் கொண்டுபோனார்கள். பட்டத்தை மட்டும் யாரும் பறிக்கவில்லை.

1915-க்கு வருவோம். உலகப் போர். பாரசீகம் நடுநிலை என்று அறிவித்த நாடு. மார்ச்சில் பிரிட்டிஷார் புஷேரில் ஜெர்மன் கான்சலின் வீட்டுக்குள் புகுந்து அவரைப் பிடித்துப் போனார்கள். தூதர்களின் கௌரவம் பற்றி எழுபத்தைந்து வருஷம் பாடம் எடுத்தவர்கள். ஜூலையில் பக்கத்துத் தங்கிஸ்தான் ஆட்கள் வந்து மோதினார்கள். ஆகஸ்டில் பிரிட்டிஷார் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். சுங்கச் சாவடியும் தபாலாபீசும் சேர்த்து.

தபாலாபீசில் பாரசீகத் தபால்தலைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஷா அகமதுவின் படம் போட்டவை. பதினேழு வயதுப் பையன், வட்ட முகம். புதிய தபால்தலை அச்சடிக்கச் செலவாகும். அந்த முகத்தின் மேலேயே, கறுப்பு மையில், மூன்று வரி ஆங்கிலம் குத்தினார்கள். புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில். முதலில் வந்து பார்க்க வேண்டியது யார் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கரையில் கேட்டார்களே, அதற்கான பதில் காலணாக் காகிதத்தில் வந்து சேர்ந்தது.

அக்டோபரில் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தபால்தலைகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. சந்தையில் போலி முத்திரை அதிகமாம். வாங்குகிறவர்கள் அசல் ஆக்கிரமிப்புதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள்.