கழுத்து தனி

முகத்துக்கு ஒரு விலை சொன்னார்கள். சரி, சொல்லட்டும். கழுத்து தனியாம்!

கேட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. போன வாரம் அக்கா மகளுக்குத் துணையாக ஓர் அழகு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அவளுக்கு வயது 26. முகம் தொங்குகிறதாம். எங்கே தொங்குகிறது என்று நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். “இங்க மாமா” என்று இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்துக் காதுப் பக்கமாக லேசாக இழுத்தாள். “இப்படி இருந்தா நல்லாருக்கும்ல?”

நீங்களும் இழுத்துப் பார்க்கிறவர்தான், மறைக்க வேண்டாம். பல் தேய்க்கும்போது, லிஃப்டில் தனியாகப் போகும்போது, சிக்னலில் வண்டிக் கண்ணாடியைப் பார்க்கும்போது. நானும் இழுப்பேன். என் கன்னம் தாராளமாக வருகிறது. விட்டால் திரும்பிப் போகத்தான் யோசிக்கிறது.

இளவயதில் முகம் தளர்ந்தால் எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது என்று நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கழுத்து விவகாரத்தை முடித்துக்கொள்கிறேன்.

கிளினிக் என்றால் உள்ளே டாக்டர் இருப்பார் என்று நம்பிப் போகிற தலைமுறை நான். டாக்டர் பிற்பாடு. முதலில் கவுன்சலர். கையில் லேமினேட் செய்த விலை அட்டை, கால்குலேட்டர், ஒரு வெள்ளைப் பென்சில். அக்கா மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, காது மடலுக்குக் கீழிருந்து வாயோரம் வரை ஒரு கோடு, மூக்கோரத்திலிருந்து கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு, தாடை எலும்பின் விளிம்பில் ஒரு கோடு என்று கிழித்தாள். எங்கள் தாத்தா நிலத்தைப் பாகம் பிரித்தபோது சர்வேயர் சங்கிலி பிடித்தாரே, அதே மும்முரம்.

அவர்கள் பேசுவதும் அந்தப் பாஷைதான். ‘ஏரியா’ என்கிறார்கள். நெற்றி ஒரு ஏரியா. கண்ணுக்குக் கீழே ஒரு ஏரியா. கன்னம் இடது, வலது என்று இரண்டு உட்பிரிவு. ‘ஃபுல் ஃபேஸ்’ என்றால் எல்லாம் அடக்கம் என்று நினைத்துவிடுவீர்கள். பத்திரத்தில் செக்குபந்தியைப் படிக்க வேண்டும். வடக்கே தலைமுடி, கிழக்கிலும் மேற்கிலும் காதுகள், தெற்கே தாடை எலும்பு. இதற்குட்பட்ட மனைதான் முகம். அதற்குத் தெற்கே ஓர் அங்குலம் போனாலும் அடுத்த கிராமம்.

“அப்போ கழுத்து?”

“கழுத்து தனி சார்.”

“டபுள் சின்?”

“அது ஆட்-ஆன் சார்.”

டபுள் சின் எந்தக் கிராமத்தில் சேர்த்தி என்பது வழக்குக்குரிய விஷயம். நிமிர்ந்தால் மறைகிறது, குனிந்தால் முளைக்கிறது. கோடையில் மனையாகவும் மழையில் ஏரியாகவும் இருக்கிற இடங்களை நாம் பார்த்ததில்லையா? நானே பட்டா கேட்டு நடந்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்துக்குப் பெயர் புறம்போக்கு. புறம்போக்குக்கு எதற்கம்மா காசு என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அக்கா மகளுக்குப் புரிந்து, மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அடுத்தது போர்வெல் போடுவது. ஹைஃபூ என்று ஒரு மெஷின். ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து, மேல் தோலைச் சுடாமல் அடியில் மட்டும் சூடாக்குவது. 1.5 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் என்று ஆழத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். 4.5-இல் இருப்பது ‘ஸ்மாஸ்’ என்ற படலம். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அதை விவரித்து எழுதினார்கள். முகத்தைத் தூக்கும் அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் பிடித்து இழுப்பது அந்தப் படலத்தைத்தான். இந்த ரகத்தில் முன்னோடியான அல்தெரபிக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் புருவத்தைத் தூக்க மட்டும். மோவாய்க்கும் கழுத்துக்கும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, கழுத்து அமெரிக்காவிலேயே தனிதான்.

எத்தனை அடி இறக்கினார்கள் என்று போர்க்காரர் கணக்குச் சொல்வதுபோல இங்கே எத்தனை ஷாட் என்று கணக்கு. தண்ணீர் உடனே வராது. கொலாஜன் ஊறி மேலே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பணம் மட்டும் முன்கூட்டியே.

விலையிலும் வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை மதிப்பு ஒன்று. அட்டையில் அச்சடித்த தொகையைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் பாதியை எழுதி, அதை நம் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆடித் தள்ளுபடியாம். இன்று முன்பணம் கட்டினால்தானாம். நாளைக்கு என்றால் மறுபடி பழைய விலை. வில்லங்கம் ஏதும் உண்டா என்று கேட்டேன். வீக்கம் வரலாம், கன்றிப் போகலாம், சில நாள் மரத்துப் போகலாம் என்பதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. ஒல்லியான முகத்தில் அளவு தப்பினால் உள்ளே இருக்கிற கொழுப்பும் கரைந்து கன்னம் இன்னும் ஒட்டிவிடலாம் என்பது அதில் என் கண்ணுக்குப் படவில்லை.

போதும், கழுத்தை விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று. பிடரி முகத்தோடு சேர்த்தியா, கழுத்தோடு சேர்த்தியா என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். இதுவரை பதில் இல்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். போடாக்ஸ் என்பது தசையைத் தூங்க வைக்கிற மருந்து. புருவங்களுக்கு நடுவில் விழும் கோட்டுக்காக அதை அமெரிக்கா 2002-இல் அனுமதித்தது. மூன்று நாலு மாதம் நிற்கும். தொங்கும் கன்னத்தைத் தூக்கும் வேலை அதற்குத் தெரியாது. முகம் மெலிய வேண்டும் என்று தாடைத் தசையில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தசை சுருங்கினால் அதன் மேலிருக்கும் தோல் தொய்ந்து, இல்லாத தொங்கலைக் காசு கொடுத்து வாங்கி வருவதும் உண்டு.

ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்புவது. பெரும்பாலும் ஹயலூரானிக் ஆசிட். பிடிக்காவிட்டால் கரைக்க இன்னோர் ஊசி இருக்கிறது. போடவும் காசு, எடுக்கவும் காசு. நூல் போடுவது என்பது முள் வைத்த நூலைத் தோலுக்கடியில் கோத்து மேலே இழுப்பது. அறுவை சிகிச்சையில் உள்தையல் போடுகிற அதே ரகம்தான். ஆறு மாதம் போல ஆனால் உடம்பே அதைக் கரைத்துவிடும். பிறகு மறுபடி விலை அட்டை.

“இருபத்தாறுல ஆரம்பிச்சாத்தான் நல்லது சார், வருமுன் காப்போம்” என்றாள் கவுன்சலர். வருமுன் காப்போம் என்றால் எனக்குத் தெரிந்தது அரசு மருத்துவ முகாம். அங்கே ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். இருபதுகளின் நடுவிலிருந்து தோலில் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது உண்மைதான். அதற்காக 26 வயதில் முகம் சரிந்து மடியில் விழுந்துவிடாது.

பின்னே எங்கிருந்து வந்தது இந்தத் தொங்கல்? ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் “பொண்ணு ரொம்பப் பூசிட்டாளே” என்றார்கள். வேகாத வெயிலில் ஓடி, சோற்றைக் குறைத்து, இளைத்தாள். இப்போது அதே வாய், அதே பந்தி: “என்னடி, கன்னமெல்லாம் ஒட்டி, மூஞ்சி தொங்கிப் போச்சு?” வேகமாக இளைத்தால் முகத்துக் கொழுப்பும் சேர்ந்துதான் போகும். அது இயற்கை. ஆனால் அடுத்தவர் இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற உறவுக்காரர்களுக்கு இன்னும் ஒரு சிகிச்சையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் வாயில் நூல் போட்டால் நான் செலவை ஏற்றுக்கொள்கிறேன். ஆறு மாதத்தில் கரையாத நூலாக இருக்க வேண்டும்.

மிச்சம் இருந்த தைரியத்தைப் போன் எடுத்துக்கொண்டது. 12 அங்குலத் தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்குக்கே அந்தக் கதி. போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் பூமியின் ஈர்ப்பு விசை தன் வேலையைக் காட்டத்தான் செய்யும். அந்தக் கோணத்தில் எந்த நடிகையும் அழகியாக இருக்க முடியாது. அவர்கள் அந்தக் கோணத்தில் படம் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த காரணம் வெயில். அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 69 வயது, 28 வருஷம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தாத்தாவாகிவிட்டது. வலது கன்னம் அவருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. கண்ணாடி வழியாகவும் புற ஊதாக் கதிர் உள்ளே வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு இருக்கை வலப்பக்கம், வெயில் படுகிற கன்னமும் வலப்பக்கம். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைத் தினம் பூசினால் பாதி வேலை முடிந்தது. அதை விற்க யாரும் கவுன்சலர் வைப்பதில்லை. கழுத்துக்கும் அதே ட்யூப்தான்.

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லுவதாக ஆரம்பித்தேன். இடம் போதவில்லை. வரிக் கணக்கையாவது சொல்லிவிடுகிறேன். பிறவிக் குறையையோ விபத்தில் வந்த சேதத்தையோ சரிசெய்தால் ஜிஎஸ்டி கிடையாது. அழகுக்காகச் செய்துகொண்டால் உண்டு. எது வைத்தியம், எது ஆசை என்று அரசாங்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. நாம்தான் குழம்புகிறோம்.

அப்படியும் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஃபில்லர் ஊசி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம். அரிதாகக் கண்பார்வையே போயிருக்கிறது. ஊசி போடப்போவது டாக்டரா, தோல் மருத்துவம் படித்தவரா, அவருடைய பதிவு எண் என்ன என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டிலிருக்கிற மாமா யாரையாவது கூட்டிப் போங்கள். நாங்கள் சும்மாதான் இருக்கிறோம்.