கருந்திரை அபாவம்: அப்டேட்டுக்குப் பின் லேப்டாப் இருளுவது குறித்து ஒரு தருக்க விசாரணை

முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன். இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் நம் தருக்க நூலார் இவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கிறார்கள். எவருக்கும் அவசரமாகத் தேவைப்படாதவை இவை. முயற்கொம்பு கிடைக்கவில்லை என்று யாரும் ஆபீசுக்கு லீவு சொன்னதில்லை. இவற்றோடு நான்காவதாக வைத்து எண்ணத்தக்கது, இரவெல்லாம் அப்டேட் ஆகி விடியலில் எழுந்த லேப்டாப்பின் திரையில் தெரிய வேண்டிய படம். இதற்கு மட்டும் பத்து மணி மீட்டிங் காத்திருக்கிறது. இத்தனை நடைமுறைப் பயனுள்ள ஓர் இன்மையை விட்டுவிட்டு முயலையே துரத்திக்கொண்டிருப்பது புலமைக்கு அழகன்று என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இங்கே கருந்திரை என்றது, பவர் பட்டன் அருகே விளக்கு எரிய, உள்ளே விசிறி சுற்ற, திரை மட்டும் கருத்துக் கிடக்கும் நிலையை. விளக்கும் எரியாது, விசிறியும் சுற்றாது எனின் அது சார்ஜரியலில் வைத்து ஆராயத்தக்கது, இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. களம் விண்டோஸ் 11. லினக்ஸ்காரர்களை விட்டது என்னை எனின், அவர்கள் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தாமே விரும்பி வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களிடத்தில் எது நோய், எது இயல்பு என்று பிரித்தறிவது கடினம்.

முதலில் காலம். மைக்ரோசாஃப்ட் 2003ஆம் ஆண்டிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைத் தன் அப்டேட்களுக்கு நாளாகக் குறித்து வைத்திருக்கிறது. அவை வெளிவருவது அமெரிக்காவின் பசிபிக் கரையில் காலை 10 மணிக்கு; அது நமக்கு இரவு 10.30, அவர்கள் குளிர்காலக் கணக்குக்கு மாறினால் 11.30. நாம் தூங்கும் நேரம் பார்த்து அவற்றை நிறுவிக்கொள்ளும் நற்பண்பும் விண்டோசுக்கு உண்டு. ஆகவே அமெரிக்கச் செவ்வாய் நம் ஊர்ப் புதனாக விடிகிறது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி வைத்த முன்னோர், மாதத்தில் எந்தப் புதன் என்று குறிப்பிடாமல் விட்டது ஆராய்ச்சியாளருக்குப் பேரிழப்பு.

அடுத்து நிறம். நீலத்திரையும் கருந்திரையும் ஒன்றல்லவோ எனின், அற்றன்று. நீலத்திரை வாய் உள்ளது. தனக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒருவருக்கும் விளங்காத மொழியிலாவது சொல்லிவிட்டுச் சாயும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் விழுந்தன. விமான நிலையத் தகவல் பலகைகள்வரை நீலமாயின. அன்று ஒருவரும் என்ன ஆயிற்று என்று நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை, திரையே சொல்லிற்று. கருந்திரையோ மௌனி. இப்படித் தெளிவாக இருந்த பாகுபாட்டை 2025இல் மைக்ரோசாஃப்டே குலைத்தது. விண்டோஸ் 11இல் அந்த நீலத்தைக் கறுப்பாக்கி, அதிலிருந்த சோக முகத்தையும் நீக்கிவிட்டது. வகைப்பாடு செய்வோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது எழுத்துள்ள கறுப்பு, எழுத்தற்ற கறுப்பு என்று உட்பிரிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஆய்வுப்பொருள் எழுத்தற்ற கறுப்பு.

முந்தையோர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுப்பது மரபு. மறுக்க அவர்கள் நிறையவே இடம் வைத்திருக்கிறார்கள்.

பழமையானது 'அணைத்தேற்றுவோர்' கொள்கை. வீட்டுக்கு ஒருவராவது இம்மரபில் தீட்சை பெற்றவர் இருப்பார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா" என்பது இவர்களுடைய ஒரே நூற்பா. இதில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் நூற்பா எழுந்த காலம் வேறு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதும் அணைவதில்லை. விரைந்து எழுவதற்காகத் தன் கருவின் (கெர்னல்) நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுகிறது. நேற்றைய கோணல் இன்றைக்கும் அப்படியே இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகப் பிறக்கும். ஆகவே முழுதாக அணைத்தேன் என்போர் பலர் அணைக்கவே இல்லை. திரை தெரியாதவர் ரீஸ்டார்ட்டை எங்கே போய் அழுத்துவது எனின், பவர் பட்டனைப் பத்து விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடிப்பதே வழி. இவ்வளவில் இக்கொள்கை எமக்கும் உடன்பாடு.

இரண்டாவது 'கழற்றுவோர்' கொள்கை. லேப்டாப்பைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டுவது இவர்கள் வழிபாட்டு முறை. பேட்டரியை உடலுக்குள் வைத்து மூடி இறுக்கத் தொடங்கியதும் இம்மரபு தேய்ந்தது. சில மாடல்களின் அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள்; கழற்றுவோரின் கடைசிப் புகலிடம் அதுதான்.

மூன்றாவது, இன்று ஊரெங்கும் ஆட்சி செலுத்துவது, 'ஃபார்மேட்' கொள்கை. இதன் ஆசிரியர்கள் சர்வீஸ் கடைகளில் வீற்றிருப்பவர்கள். லேப்டாப்பைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்கள் அருளுவது இது: "டிஸ்ப்ளே போயிருக்கும் சார். இல்லன்னா போர்டு. எதுக்கும் ஒரு ஃபார்மேட் போட்டுப் பாத்துரலாம். டேட்டா வேணும்னா அது தனி." இவ்வுரையை நிதானமாக நோக்குக. டிஸ்ப்ளே போயிருந்தால் ஃபார்மேட்டால் பயனில்லை. போர்டு போயிருந்தாலும் பயனில்லை. அவ்விரண்டும் போகாவிடில், போனது ஒரு சிறு டிரைவர். அதற்காக வீட்டிலுள்ள போட்டோக்களையெல்லாம் அழிக்க வேண்டியதில்லை. கூறிய காரணம் எதற்கும் கூறிய மருந்து பொருந்தாத இந்த வாக்கியம் எப்படி இத்தனை நம்பிக்கையுடன் ஒலிக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது. கடைக்காரருக்கு ஃபார்மேட் கணக்கான நேரத்தில் முடியும் வேலை. நோய் தேடுவது எப்போது முடியும் என்று சொல்ல முடியாத வேலை. இந்தக் கொள்கைக்கு வேறு அடிப்படை எமக்குத் தென்படவில்லை.

இனி எம் கொள்கை. சாத்தனார் மணிமேகலையின் 27ஆம் காதையில், அறியும் வழிகளான அளவைகள் பத்தை எண்ணுகிறார். காட்சி அவற்றுள் முதலாவது. காண ஒன்றும் இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை. ஐதிகம் என்பதும் உண்டு. இந்த மரத்தில் தெய்வம் இருக்கிறது என்று ஊர் சொன்னால் நம்பிக்கொள்வது. "என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு, கடைசில புதுசே வாங்கிட்டான்" என்பது இவ்வகை, தள்ளத்தக்கது. நமக்கு உதவுவன, புகை கண்டு தீயை அறிவதான கருதலும், இன்மையை அறிவதான அபாவமும்.

கருதலுக்குப் புகை வேண்டும். அது திரை இருளுவதற்கு முன் தோன்றும் கம்பெனி இலச்சினை. பவர் பட்டனை அழுத்தியதும் லேப்டாப் செய்த நிறுவனத்தின் பெயர் ஒரு கணம் ஒளிர்கிறதே, அதைக் காட்டுவது விண்டோஸ் அன்று. விண்டோஸ் கண் விழிக்கும் முன்பே யூஇஎஃப்ஐ என்னும் அடித்தள மென்பொருள் அதைக் காட்டிவிடுகிறது. எனவே இலச்சினை தெரிந்து பின் இருண்டால், திரையும் அதன் பின்விளக்கும் நலமே உள்ளன. குற்றம் பிற்பாடு வந்தவர்மேல். கடையில் "டிஸ்ப்ளே போச்சு" என்பாரிடம் இவ்வொன்றைக் கேட்டால் போதும். ரூபாய் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும்.

இலச்சினையும் தெரியாதபோது? அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம், சிவஞான முனிவர் தமிழில் தந்த நூல், இன்மையை நான்காகப் பகுக்கிறது. அந்த நூலைக் கணினிக்காக எழுதவில்லை என்பார்க்கு, குடத்துக்காகவும் எழுதவில்லை என்பதே விடை.

முன்னபாவம்: குடம் வனையுமுன் குடம் இல்லாமை. அப்டேட் இன்னும் முடியாமல், இரண்டு ரீஸ்டார்ட்டுகளுக்கு இடையே திரை சும்மா கறுத்திருப்பது. மருந்து, காபி. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் உள்ளே ஆள் இருக்கிறது.

முழுதும் அபாவம்: காற்றில் நிறம் முக்காலத்தும் இல்லாமை. எல்சிடி திரைக்குத் தனக்கென ஒளி எக்காலத்திலும் கிடையாது; பின்னாலிருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தைத்தான் அது இத்தனை நாளும் தன்னுடையதாகக் காட்டி வந்தது. அவ்விளக்கு போனால் படம் இருந்தும் தெரியாது. இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கடிகாரமும் ஐகான்களும் மங்கலாக நீந்துவதைக் காணலாம். கண்டால் அது உண்மையிலேயே கடைக்குரிய நோய். அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை.

ஒன்றினொன்றபாவம்: குடம் துணி அன்று என்பது போல இந்தத் திரை அந்தத் திரை அன்று. நேற்று டிவியோடு எச்டிஎம்ஐ வயரில் பிணைத்துப் படம் பார்த்த லேப்டாப், இன்றும் டிவிக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் சாவியுடன் பி-யை அழுத்தினால் திரையை மாற்றித் தரும் பட்டியல் வரும்; அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் பி-யை ஒருமுறை கூடுதலாக அழுத்தி என்டரைத் தட்டி, சற்றுப் பொறுத்து, தேவையானால் மறுபடியும் செய்க.

எஞ்சியது அழிவுபாட்டபாவம். இருந்து உடைந்த குடம். அப்டேட்டுக்குப் பின் வரும் கருந்திரையின் தலைமை இடம் இதற்கே. அப்டேட்டோடு புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்று வந்து பழையதை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதற்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் ஒத்துப்போகவில்லை. இதற்கு முதல் சிகிச்சை விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (இது இரண்டாம் பி, ஆங்கில அகரவரிசையில் இரண்டாவது எழுத்து) ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துவது. ஒரு சிறு 'பீப்' கேட்கும். டிரைவர் உதறி எழும். பிழைத்தால் நலம். கறுப்பின் நடுவே மவுஸ் அம்பு மட்டும் அலைந்துகொண்டிருந்தால் அது வேறு: டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்ப்ளோரர் எழாத நிலை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரை எழுப்பி, அதன் வழியே எக்ஸ்ப்ளோரரை ஓட்டலாம்.

இவற்றுக்கும் அசையாவிடில் சேஃப் மோட். அங்கே விண்டோஸ் புது டிரைவரைத் தொடாமல், எல்லாத் திரைக்கும் பொதுவான எளிய டிரைவரோடு எழும். ஆனால் கருந்திரைக்காரர் அங்கே போகும் வழி விநோதமானது. விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முயன்று தோற்றால்தான் ரிப்பேர் வாசல் தானே திறக்கும். எனவே இலச்சினை தோன்றிச் சக்கரம் சுழலும் தருணத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நாமே அதைத் தோற்கடிக்க வேண்டும்; பிறகு மறுபடியும். நோயாளியை வேண்டுமென்றே இருமுறை மயக்கமுறச் செய்தால்தான் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி இது ஒன்றே. அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வது தீது. முன்னபாவத்தை நீக்கிய பின்பே இதற்கு வருக. உள்ளே போனதும் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே 4 அல்லது எஃப்4. பின் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அல்லது அதே ரிப்பேர் வாசலில் கடைசி அப்டேட்டையே கழற்றிவிடலாம். பெரிய பதிப்பு மாற்றமாக இருந்தால் பின்வாங்க பொதுவாகப் பத்து நாள் தவணை உண்டு.

இத்தனையும் சொன்ன பின் ஒரு தடை. அப்டேட்டுக்குப் பின் இருண்டது என்பதால் அப்டேட்டால் இருண்டது ஆகுமா? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தருக்கத்தார் காகதாலீயம் என்பர். லேப்டாப் மூடியிருக்கிறதா என்பதை அது காந்தத்தால் அறிகிறது. காந்த மூடி வைத்த செல்போன் உறையை விசைப்பலகை ஓரத்தில் வைத்துவிட்டு அப்டேட்டைச் சபிப்போரும் உலகில் உளர். உறையை எடுத்தால் ஒளி வரும். சபித்ததைத் திரும்பப் பெறுவோரைத்தான் காணோம்.

இறுதியாக ஓர் இடர். ரிப்பேர் வாசலில் நுழைந்ததும் பல லேப்டாப்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்கும். 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் 11ஆல் மீதியின்றி வகுபடும் என்பது கணக்கு ஆர்வலருக்கு மகிழ்ச்சி தரலாம். சாவி இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. கிரவுட்ஸ்டிரைக் நாளில் மருந்து ஒரே ஒரு கோப்பை அழிப்பதுதான். பல அலுவலகங்கள் அந்த மருந்தின் வாசலில் இச்சாவியைத் தேடிக்கொண்டு நின்றன. தனியாள் லேப்டாப்பின் சாவி பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு எங்கே இருக்கும் என்பதை வாசகர் அறிவார்: இருண்டு கிடக்கும் அதே லேப்டாப்பில்.

ஆகவே இதைப் படிப்பவர் திரை ஒளிர்கின்ற இன்றைக்கே அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வைப்பாராக. அந்தத் தாளை லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.