திண்டிவனத்தில் ஒரு நகல்

உலகத்தில் இன்று ஹார்ட் டிஸ்க் செய்கிறவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. விழுப்புரத்தில் அவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்களை எண்ணி மாளாது. நேருஜி சாலையில் ஒரு கடையில், "எதுண்ணே உழைக்கும்?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்தில் சும்மா நின்றிருந்தவர், "அதையா? எங்க மச்சான் கல்யாண வீடியோ அதுலதான் சார் போச்சு" என்றார். மச்சானுக்குப் போனது மட்டம், இன்னும் போகாதது தரம். எங்கள் ஊர் ஆராய்ச்சி முறை இது.

வேறு ஆராய்ச்சியும் உண்டு. பேக்பிளேஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனி டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டி, எந்த மாடலில் எத்தனை செத்தது என்று 2013 முதல் கணக்கு வெளியிடுகிறது. இப்போது லட்சக்கணக்கில் ஓடுகின்றன. வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் சாவு. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் சிரஞ்சீவி, அடுத்தது அற்பாயுசு. கடையில் இதை விளக்கினேன். "அவங்க ஊர்ல கரண்ட் போகாது சார்" என்றார் மச்சான்காரர். பேக்பிளேஸ் அறிக்கை எதிலும் இதற்குப் பதில் இல்லை.

எதை வாங்கினாலும் ஒருநாள் சாகும். ஆகவே நகலொன்று வெளியூரில் இருக்க வேண்டும் என்பது விவரம் தெரிந்தவர்கள் வாக்கு. வெளியூர் என்றால் எனக்குத் திண்டிவனம், அக்கா வீடு. நகல் டிஸ்க்கோடு பஸ் ஏறினேன். டிஸ்க் ஓடும்போது, நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிற தட்டின்மேல், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத இடைவெளியில் அதன் முனை பறக்கிறது. நிறுத்திவிட்டால் ஒதுங்கிக்கொள்ளும், குலுக்கலைத் தாங்கும். தெரிந்தும் விக்கிரவாண்டி தாண்டும்வரை மடியிலிருந்து இறக்கவில்லை. "நகையா சார்?" என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்.

அக்கா அதைப் பீரோவில், பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே வைத்தாள். "என்னடா இருக்கு இதுல?"

"நம்ம போட்டோதான்க்கா."

"எங்க, காட்டு."

"கம்ப்யூட்டர் வேணும்."

"அப்போ திருடன் வந்தாலும் பாக்க முடியாது. நல்லதுதான்."

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் மயிலத்தில் மழை 50 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது. அசலையும் நகலையும் ஒரே மேகம் நனைக்கிற தூரத்தில் வைத்திருந்தது அன்றுதான் உறைத்தது. செல்போனில் டவர் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, பீரோவுக்குள் தண்ணீர் போனதா என்று விசாரித்தேன்.

"நாங்க நல்லா இருக்கோம்டா" என்றாள் அக்கா. "கேப்பேன்னு பாத்தேன்."

மாமா போனை வாங்கினார். மண்டகப்பட்டு குகைக்கோயில் அவருக்குப் பிடித்த இடம். "மாப்ள, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கோயில் எடுத்தேன்னு மகேந்திரவர்மன் அந்தப் பாறையிலயே வெட்டி வெச்சிருக்கான். 1,400 வருஷம் ஆகப்போவுது, ஒரு எழுத்து அழியல. உன் டப்பாவுக்கு எவ்ளோ வாரண்டி?"

"மூணு வருஷம் மாமா."

அதுவும் டப்பாவுக்குத்தான், போட்டோவுக்கு இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.