கிளாம்பாக்கத்தில் இறங்கியவர்கள்

சென்னையின் போக்குவரத்தை ஒருங்கிணைக்க ஒரு குழுமம் வேண்டும் என்று 2010-இலேயே சட்டம் இயற்றியாயிற்று. ஆங்கிலப் பெயரின் சுருக்கம், கும்டா. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பேருந்தும் ரயிலும் மெட்ரோவும் ஓரிடத்தில் சந்திக்க வழிசெய்ய வேண்டியவர்கள், தாங்கள் சந்தித்துக்கொள்ளவே பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. சென்னை டிராஃபிக் அப்படி!

2023 டிசம்பர் 30 அன்று சென்னையின் தெற்கு விளிம்பில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பளபளவென்று திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் பழைய இருப்பிடமான கோயம்பேட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இங்கே குடிவந்தன. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப்புறம்தான் தண்டவாளம். மின்சார ரயில் ஹாரன் அடித்தபடி போகும். நிற்காது. நிற்க அன்றைக்கு அங்கே நிலையமே இல்லை. மெட்ரோவோ விமான நிலையத்தோடு தன் கடமையை முடித்துக்கொண்டிருந்தது. நெல்லையிலிருந்து விடிகாலையில் மூட்டையோடு இறங்கியவர் மயிலாப்பூருக்கு ஆட்டோ பேசினால், ஊரிலிருந்து வந்த டிக்கெட் விலை ரொம்ப நியாயமாகத் தோன்றும்.

நிலத்தையும் சாலையையும் சேர்த்துத் திட்டமிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இல்லாமலில்லை. மனை விற்பவர்களைக் கேளுங்கள். எங்கே எது வரப்போகிறதோ அங்கே அவர்களுடைய கொடிக்கம்பம் முன்பே நட்டிருக்கும். கோப்பு, குழு, கூட்டம் எதுவும் கிடையாது. அவர்களில் நாலு பேரைக் கும்டாவில் உறுப்பினராகப் போடலாம். ஒரே சிக்கல்: 'பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்று விளம்பரம் செய்பவர்கள், அதை எந்த வாகனத்தில் அளந்தார்கள் என்று மட்டும் சொல்வதில்லை.